எட்கர் ஆலன் போவுக்குக் கிடைத்த இருபது பிரதிகள்

போன மாசம் என் பையன் ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய கல்லூரிப் பாடப்புத்தகம் ஒன்றை யாரோ வாட்ஸப் குரூப்பில் பிடிஎஃப்பாகப் போட்டிருக்கிறார்கள். "இதை டவுன்லோட் பண்ணினா யாருக்குப்பா நஷ்டம்? நான் எப்படியும் ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கப் போறதில்லையே?"

"தப்புடா" என்று சொல்லிவிட்டேன். ஏன் தப்பு என்று அடுத்த கேள்வி வந்தது. சட்டப்படி தப்பு என்றேன். "சட்டம் தப்பில்லைன்னு சொன்னா?" என்றான். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருந்திருக்கிறது, அதுவும் நூறு வருஷம். அமெரிக்காவில் 1790 முதல் 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளரின் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். அனுமதி தேவையில்லை, காசும் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்த பதிப்பகம் ஒன்றைப் பற்றி இரண்டு வருஷமாகக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். பையனின் கேள்விக்குப் பிறகு அவற்றைத் தூசி தட்டி எடுத்து, வரிசைப்படுத்தி எழுதியதுதான் இது.

டப்ளினிலிருந்து ஓடி வந்தவர்

அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கியவர் மாத்யூ கேரி. 1760ல் அயர்லாந்தின் டப்ளினில் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஒரு கால் ஊனம். படிப்பில் ஆசை, அச்சுத் தொழிலில் அதைவிட ஆசை. அயர்லாந்தில் கத்தோலிக்கர்களை ஒடுக்கிய சட்டங்களை எதிர்த்து இளம் வயதிலேயே ஒரு பிரசுரம் எழுதி வம்பில் மாட்டிக்கொண்டார். வீட்டார் அவரைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸி என்ற ஊரில் பெஞ்சமின் பிராங்க்ளின் சொந்தமாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கேரிக்கு அங்கே கொஞ்ச நாள் வேலை.

திரும்பிப் போய் ஒரு பத்திரிகை தொடங்கினார். அரசாங்கத்தைத் தாக்கி எழுதியதற்காகச் சிறை. மறுபடி வழக்கு வரும் என்று தெரிந்ததும் பெண் வேஷம் போட்டுக்கொண்டு கப்பலேறினார். 1784 நவம்பரில் பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். வயது 24.

கையில் பணமில்லாமல் வந்த இளைஞருக்கு உதவியவர், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட். கேரியைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு 400 டாலர் அனுப்பி வைத்தார். அதில் ஒரு பழைய அச்சு இயந்திரம் வாங்கி, 1785 ஜனவரியில் ஒரு செய்தித்தாள் ஆரம்பித்தார் கேரி. 200 வருஷத்துக்கு மேல் பல பெயர்களில் தொடர்ந்த ஒரு நிறுவனத்தின் தொடக்கம் இது.

முதல் அடி தபாலிலிருந்து வந்தது

செய்தித்தாளுக்குப் பிறகு 1787ல் 'அமெரிக்கன் மியூசியம்' என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். ஜார்ஜ் வாஷிங்டனே பாராட்டிய இதழ். பெயர் கிடைத்தது, காசுதான் கிடைக்கவில்லை. சந்தாதாரர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களிடமிருந்து சந்தாவை வசூலிப்பது இதழ் நடத்துவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

1792ல் புதிய தபால் சட்டம் வந்தது. செய்தித்தாள்களுக்கு மிகக் குறைந்த தபால் கட்டணம் என்று அது சலுகை கொடுத்தது. மாத இதழ்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த வருஷக் கடைசியோடு 'அமெரிக்கன் மியூசியம்' நின்றுபோனது.

இந்தத் தபால் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் கழித்து இதே நிறுவனத்தின் கதையில் அது மறுபடி வரும்.

இதழை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வந்தார் கேரி. அன்றைய அமெரிக்காவில் அச்சகக்காரர் என்றால் யாராவது காசு கொடுத்து அச்சடிக்கச் சொல்வதை அச்சடித்துக் கொடுப்பவர். கேரி அதை மாற்றிக்கொண்டார். எந்தப் புத்தகம் போடலாம் என்று அவர் தீர்மானிப்பார். காகிதம் அவர் செலவு, அச்சு வேலையை வேறு அச்சகங்களுக்குக் கொடுப்பார், விற்காவிட்டால் நஷ்டமும் அவருக்கே. இன்று நாம் 'பதிப்பாளர்' என்று சொல்வது இந்தப் பொறுப்பைத்தான்.

கலைக்காத எழுத்துகள்

ஒரு பொறியாளனாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலம். எழுத்துகள் விலை அதிகம். அதனால் சில பக்கங்களைக் கோப்பார்கள், தேவையான பிரதிகளை அச்சடிப்பார்கள், உடனே எழுத்துகளைக் கலைத்து அறைகளில் பிரித்துப் போட்டுவிட்டு அதே எழுத்துகளை வைத்து அடுத்த பக்கங்களைக் கோப்பார்கள். புத்தகம் முடியும்போது முதல் பக்கம் எங்கேயும் இருக்காது. மறுபதிப்பு வேண்டுமென்றால் மொத்தப் புத்தகத்தையும் முதலிலிருந்து கோக்க வேண்டும்.

ஆகவே பதிப்பாளர் முன்னாலேயே ஊகம் செய்தாக வேண்டும். கம்மியாக அடித்தால் திரும்பக் கோக்கும் செலவு. அதிகமாக அடித்தால் பணம் காகிதமாக மாறிக் கிடங்கில் தூங்கும்.

கேரி 1790ல் ஒரு கத்தோலிக்க பைபிளை வெளியிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் கத்தோலிக்க பைபிள் அதுதான். சந்தா கட்டியவர்கள் ஐந்நூறு பேர்கூடத் தேறவில்லை. ஆனால் புராட்டஸ்டண்ட் மக்கள் தொகை பெரியது. எனவே 1801ல் அவர்களுடைய பைபிளையும் போட்டார். கத்தோலிக்கரான அவருக்கு அதில் தயக்கம் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்துதான் முக்கியமான முடிவு. முழு பைபிளுக்கும் தேவையான எழுத்துகளை மொத்தமாக வாங்கி, எல்லாப் பக்கங்களையும் கோத்து, கலைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். அத்தனை ஈயத்தில் மூலதனத்தை முடக்குவது அன்றைக்குத் துணிச்சலான காரியம். ஆனால் அதற்குப் பிறகு தேவைப்படும்போது தேவைப்படும் அளவு அச்சடித்தால் போதும். வரைபடம் சேர்த்து ஒரு விலை, படங்கள் சேர்த்து ஒரு விலை, எதுவும் இல்லாமல் மலிவாக ஒரு விலை. உள்ளே இருக்கும் பக்கங்கள் எல்லாம் ஒன்றுதான். ஒருமுறை கம்பைல் செய்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குத் தகுந்த மாதிரி பேக்கேஜ் மட்டும் மாற்றிக் கொடுப்பது போல.

விற்றவர்களில் முக்கியமானவர் மேசன் லாக் வீம்ஸ் என்ற பாதிரியார். தெற்கு மாநிலங்களில் வண்டி நிறையப் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். "இந்த ஊர் மக்கள் கேட்பது ஒன்று, நீங்கள் அனுப்புவது இன்னொன்று" என்ற ரீதியில் கேரிக்கு ஓயாமல் புகார்க் கடிதம் எழுதினார். சின்ன வயது வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை உலகத்துக்குக் கொடுத்தவர் இந்த வீம்ஸ்தான். மார்க்கெட் என்ன கேட்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

இலவச மூலப்பொருள்

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1790ல் அமெரிக்காவின் முதல் காப்புரிமைச் சட்டம் வந்தது. பதிவு செய்த எழுத்தாளருக்கு 14 வருஷம் உரிமை, உயிரோடு இருந்தால் இன்னொரு 14 வருஷம். ஆனால் இது அமெரிக்கர்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும். வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டில் எழுதிய புத்தகத்தை மறுபதிப்பு செய்வதை இந்தச் சட்டம் தடுக்காது என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதி வைத்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். புதிய நாடு. மக்களுக்குப் படிக்கப் புத்தகம் வேண்டும். எழுதப்பட்டதெல்லாம் இங்கிலாந்தில், அதே மொழியில் தயாராக இருக்கிறது. எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

கேரியின் நிறுவனம் இதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது. ஜேன் ஆஸ்டனின் 'எம்மா' நாவலை 1816ல் பிலடெல்பியாவில் வெளியிட்டது கேரிதான். ஆஸ்டன் உயிரோடு இருந்தபோது அமெரிக்காவில் வெளியான அவருடைய ஒரே நாவல் அது. அந்தப் பதிப்பின் பிரதிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம்.

1820களில் பொறுப்பு அடுத்த தலைமுறைக்குப் போனது. மகன் ஹென்றி கேரி, மருமகன் ஐசக் லீ. கடையின் பெயர் கேரி அண்ட் லீ ஆனது. லீ பகலில் பதிப்பாளர், ஓய்வு நேரத்தில் நன்னீர்ச் சிப்பிகளை ஆராய்ந்து உலகப் பெயர் வாங்கியவர். நம்மை மாதிரி அமெச்சூர் ஆராய்ச்சியாளர்களுக்கு மூதாதையர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு அமெரிக்காவே வால்டர் ஸ்காட் நாவல்களுக்குப் பைத்தியமாக இருந்தது. ஸ்காட்டின் புது நாவல் கப்பலில் வந்தால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அப்படியானால் ஜெயிப்பது யார்? முதலில் கடைக்குக் கொண்டுவருபவர். எனவே கேரி அண்ட் லீ பிரிட்டனில் இருக்கும் பதிப்பாளருக்கே பணம் கொடுத்து, புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அச்சுத் தாள்களை வரவழைத்தார்கள். கப்பல் வந்ததும் தாள்களைப் பல அச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் கோக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை ஓரிரு நாளில் முடியும். போட்டியாளர் கோக்க ஆரம்பிக்கும்போது இவர்களுடைய பிரதிகள் வெளியூருக்குக் கிளம்பியிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. புத்தகம் இலவசம், ஆனால் அதை இரண்டு நாள் முன்னால் பெறுவதற்குக் காசு. வாசகர்கள் கொடுத்த விலையில் ஒரு பங்கு இந்த இரண்டு நாளுக்கானது.

உள்ளூர்க்காரருக்கு என்ன ஆனது?

வெளிநாட்டுப் புத்தகம் இலவசம் என்றால் நஷ்டம் ஸ்காட்டுக்கும் டிக்கன்ஸுக்கும்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். கணக்கைப் பதிப்பாளர் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

மேசையில் இரண்டு கையெழுத்துப் பிரதிகள். ஒன்று லண்டனில் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த நாவல், எழுத்தாளருக்குத் தர வேண்டியது சட்டப்படி பூஜ்யம். இன்னொன்று பெயர் தெரியாத அமெரிக்கர் எழுதியது, விற்குமா தெரியாது, அவருக்குப் பணமும் தர வேண்டும். எதைப் போடுவீர்கள்?

விதிவிலக்கு இருந்தது. ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் மாதிரி ஏற்கெனவே கூட்டத்தை இழுப்பவர்களுக்குக் கேரி அண்ட் லீ நல்ல பணம் கொடுத்தது. 1826ல் 'தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்' நாவலை வெளியிட்டது அவர்கள்தான். சிக்கல் கூப்பர் அளவுக்கு இன்னும் வளராதவர்களுக்கு.

1839ல் பிலடெல்பியாவில் வசித்த முப்பது வயது எட்கர் ஆலன் போ தன் கதைகளை எடுத்துக்கொண்டு இதே நிறுவனத்திடம் வந்தார். அப்போது அதன் பெயர் லீ அண்ட் பிளான்சர்ட். 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' உட்பட 25 கதைகள். நிறுவனம் ஒப்புக்கொண்டது. இரண்டு பாகம், 750 பிரதிகள். அச்சுச் செலவு அவர்களுடையது, லாபம் வந்தால் அதுவும் அவர்களுடையது. காப்புரிமை போவிடம் இருக்கும். பணத்துக்குப் பதிலாக அவருக்கு இருபது பிரதிகள். அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, புதுக் கதைகளைச் சேர்த்து இன்னொரு பதிப்பு போடலாம், அதே நிபந்தனைகள் போதும் என்று போ எழுதினார். பழைய பதிப்பே இன்னும் விற்று முடியவில்லை என்று பதில் வந்தது.

லீ அண்ட் பிளான்சர்டை இதற்காக வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் நிலையில் இருந்த எந்த வியாபாரியும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். பணம் தர வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லாதபோதும் டிக்கன்ஸுக்குப் பணம் தர முன்வந்தவர்கள் அவர்கள். ஆனால் சர்வதேசக் காப்புரிமை இல்லாததால் அமெரிக்க எழுத்தாளர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று 1845ல் போ காட்டமாக எழுதினார். அவர் சொன்னது சொந்த அனுபவம்.

இலவசத்தை இன்னும் இலவசமானது தின்றது

இப்போது தபால் மறுபடி வருகிறது.

1837ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதாரச் சரிவு. புத்தகத்துக்குச் செலவழிக்க ஜனங்களிடம் காசில்லை. 1839 வாக்கில் நியூயார்க்கில் சிலருக்கு ஒரு யோசனை தோன்றியது. செய்தித்தாளுக்குத் தபால் கட்டணம் குறைவுதானே? அப்படியானால் நாவலையே செய்தித்தாள் போல அச்சடித்தால்? 'பிரதர் ஜோனதன்', 'நியூ வேர்ல்ட்' என்று வாரப் பத்திரிகைகள் கிளம்பின. டிக்கன்ஸ், புல்வர் லிட்டன் என்று மொத்த நாவல்களையும் சிறப்பு இணைப்பாகச் செய்தித்தாள் காகிதத்தில் போட்டுச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். தெருவில் பையன்கள் கூவி விற்றார்கள். தபாலில் நாடு முழுக்கப் போனது.

லீ அண்ட் பிளான்சர்ட் என்ன செய்ய முடியும்? அது எங்கள் புத்தகம் என்று வழக்குப் போட முடியாது. அவர்களுடையதும் இல்லையே! 'நான் முதலில் அறிவித்த புத்தகத்தை நீ தொடாதே' என்று பதிப்பாளர்களுக்குள் வாய்மொழியாக ஒரு மரியாதை இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த மரியாதையை மதிக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்ப்பர் சகோதரர்கள் தாங்களும் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி மோதினார்கள். எரீ கால்வாய் 1825ல் திறந்த பிறகு நியூயார்க்கின் சந்தை மேற்கே விரிந்திருந்தது. ஐரோப்பியக் கப்பல்களும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வந்தன. பிலடெல்பியாவுக்கு அந்த வசதி இல்லை.

1843ல் தபால் துறை அந்த இணைப்புகளுக்குச் சலுகை கிடையாது என்று முடிவெடுத்ததும் வாரப் பத்திரிகைகள் படுத்துவிட்டன. ஆனால் நாவல் என்றால் கால் டாலர் என்று வாசகர்களுக்குப் பழகிவிட்டது. இறங்கிய விலை ஏறவில்லை.

பிழைத்தது எப்படி?

1850 வாக்கில் நிறுவனம் இலக்கியத்தைக் கைவிட்டது. ஸ்காட், கூப்பர், ஆஸ்டன் எல்லாம் போட்ட நிறுவனம் மருத்துவப் புத்தகங்களுக்கு மாறியது.

இது திடீர் முடிவில்லை. இன்றைய அமெரிக்காவின் முதல் மருத்துவக் கல்லூரி 1765லேயே பிலடெல்பியாவில்தான் ஆரம்பித்தது. நிறுவனம் 1820லிருந்தே ஒரு மருத்துவ இதழை நடத்தி வந்தது. எழுதும் டாக்டர்கள், படிக்கும் மாணவர்கள், இருவருமே நடந்து போகும் தூரத்தில் இருந்தார்கள்.

லண்டனில் ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல் 1858ல் வந்தது. அடுத்த வருஷமே பிலடெல்பியாவில் இவர்கள் அதை வெளியிட்டார்கள், அமெரிக்க மருத்துவர் ஒருவரைக் கொண்டு திருத்தி. 'கிரேஸ் அனாடமி' என்று மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நூல். நூறு வருஷத்துக்கும் மேல் பதிப்புக்குப் பதிப்பு புதுப்பித்து அதை விற்றார்கள். 1908ல் நிறுவனம் லீ அண்ட் ஃபெபிகர் என்ற பெயருக்கு மாறி, 1990ல் வேறொரு நிறுவனம் வாங்கும் வரை நடந்தது.

நாவலும் இறக்குமதிதான், உடற்கூறு நூலும் இறக்குமதிதான். ஒன்று கைவிட்டது, இன்னொன்று ஏன் காப்பாற்றியது? என் புரிதல் இது. நாவலை ஒருமுறை அச்சடித்தால் வேலை முடிந்தது, பிறகு யார் அடித்தாலும் அதே நாவல். மருத்துவ நூலுக்குப் படம் துல்லியமாக இருக்க வேண்டும், பிழை இருக்கக் கூடாது, சில வருஷத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். தெருவில் கூவி விற்கும் பதிப்பை நம்பி யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. கோடு இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் காசு வருவது அதைப் பராமரித்துக் கொடுப்பவருக்கு.

தொழிலிலிருந்து விலகிப் பொருளாதார அறிஞராகிவிட்ட ஹென்றி கேரி, 1853ல் சர்வதேசக் காப்புரிமை கூடாது என்று கடிதங்களாக ஒரு நூலே எழுதினார். கருத்துகள் பொதுச் சொத்து, எழுத்தாளர் அதற்கு உடை மட்டும் தருகிறார், உரிமை கொடுத்தால் விலை ஏறும், சாதாரண மக்கள் படிக்க முடியாமல் போகும் என்று வாதிட்டார். அதில் உண்மை இல்லை என்று ஒதுக்க முடியாது. மலிவான புத்தகங்கள்தான் அமெரிக்காவில் அவ்வளவு பெரிய வாசகர் கூட்டத்தை உருவாக்கின. ஆனால் அவர் பேசியது வாசகரின் பக்கம் நின்று. கதை எழுதிவிட்டு இருபது பிரதியோடு வீட்டுக்குப் போனவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு கணக்கு.

கடைசியில் 1891ல் சட்டம் மாறியது, வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கும் உரிமை வந்தது. போ இறந்து அப்போது 42 வருஷம் ஆகியிருந்தது.

பையனிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "அப்போ அந்த டெக்ஸ்ட்புக் எழுதினவருக்கு நஷ்டமில்லை, அடுத்த டெக்ஸ்ட்புக் எழுதப் போறவருக்குத்தான் நஷ்டம்னு சொல்றீங்களா?" என்றான். நான் மூவாயிரம் குறிப்பு எடுத்து வைத்திருந்ததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். இருவருக்குமே நஷ்டம்தான், ஆனால் இரண்டாமவரை நாம் பார்க்கவே மாட்டோம் என்றேன்.

புத்தகத்தைச் சீனியர் ஒருவரிடம் பழைய பிரதியாகப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டான். என் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பிடிஎஃப்களைப் பற்றி அவன் இன்னும் கேட்கவில்லை. கேட்பான்.